வெளிநாட்டில் வினைல் பொம்மை வேட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வினைல் பொம்மை சேர்க்கிறவர் வெளிநாடு கிளம்பும்போது சூட்கேஸ் பாதி காலியாகத்தான் இருக்கும். திரும்பும்போது அந்தப் பாதியும் போதாது. நடுவில் வரும் சந்தேகங்களுக்கு, பட்டுத் தெரிந்துகொண்ட பதில்கள் இவை.

பிளாஸ்டிக் பொம்மை எல்லாமே வினைல் பொம்மையா?

இல்லை. வினைல் என்று நாம் சொல்வது மென்மையான பிவிசி. ஜப்பானில் 'சாஃப்ட் வினைல்' என்பதைச் சுருக்கி 'சோஃபுபி' என்கிறார்கள். அது செய்யப்படும் விதம் தெரிந்தால், கடையில் எதைப் பார்க்க வேண்டும் என்பது பாதி புரிந்துவிடும். மெழுகில் செய்த உருவத்தின் மேல் உலோகம் பூசி, மெழுகை உருக்கி எடுத்தால் உள்ளே வெற்றிடமுள்ள அச்சு கிடைக்கும். அதில் திரவ பிவிசியை ஊற்றிச் சூடாக்குவார்கள். சுவரோரம் இருப்பது மட்டும் கெட்டிப்படும். நடுவில் மிஞ்சியதைக் கவிழ்த்துக் கொட்டிவிடுவார்கள். சூடு ஆறுவதற்குள் குறடால் பற்றி இழுத்தால், முழு உருவமும் நசுங்கி நெளிந்து அச்சின் சின்ன வாய் வழியே வெளியே வந்துவிடும். வந்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். கை, கால், தலை எல்லாம் தனித்தனியாக இப்படி வார்க்கப்பட்டுப் பிறகு மூட்டுகளில் செருகப்படுகின்றன.

ஜப்பானில் 1966-இல் மருசான் நிறுவனம் திரைப்பட, தொலைக்காட்சி அரக்கர்களை இப்படி வார்த்து விற்றது. குழந்தைகளுக்காகச் செய்தவை அவை. பெரியவர்கள் வாங்கும் 'டிசைனர் டாய்' அலை 1990-களின் இறுதியில் டோக்கியோவிலும் ஹாங்காங்கிலும் எழுந்தது. 1999-இல் ஹாங்காங் ஓவியர் மைக்கேல் லாவ் தன் 'கார்டனர்' உருவங்களைக் காட்சிக்கு வைத்தார். அதே ஆண்டு காஸ் என்ற அமெரிக்க ஓவியர் டோக்கியோவின் பவுண்டி ஹண்டர் என்ற பிராண்டோடு சேர்ந்து தன் 'கம்பேனியன்' வினைல் பொம்மையை வெளியிட்டார். அமெரிக்காவில் கிட்ரோபாட் என்ற பொம்மை நிறுவனம் 2002-இல் தொடங்கியது.

ஒரு விஷயம் சொன்னால் பலருக்குக் கோபம் வரும்: ஜப்பானின் மெடிகாம் டாய் நிறுவனம் 2001-இல் தொடங்கிய பேர்பிரிக் கரடி பெரும்பாலும் கெட்டியான ஏபிஎஸ் பிளாஸ்டிக், மென்வினைல் அல்ல. பாப் மார்ட் நிறுவனம் விற்கும் லபுபு என்ற குட்டி அரக்கனின் தொங்கட்டானில் முகம்தான் வினைல், உடம்பு பஞ்சுத் துணி. ஆனால் எல்லாம் ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் இங்கே சேர்த்தே பேசுகிறேன்.

எல்லாமே ஆன்லைனில் கிடைக்கிறதே, அங்கே போய் ஏன் வாங்க வேண்டும்?

நியாயமான கேள்வி. பல பொம்மைகளுக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதுதான். உலகம் முழுக்கக் கிளை உள்ள கடையின் புதிய சீரிஸை வேறு நாட்டில் வரிசையில் நின்று வாங்குவது, பயணத்தில் அரை நாளை வீணடிப்பது. கையில் எடுத்துப் பார்த்தால்தான் முடிவு செய்ய முடியும் என்கிற பொருளுக்குத்தான் பயண நேரம் தகும். செகண்ட் ஹேண்ட் பொம்மை, சின்னத் தயாரிப்பாளர்கள் கையால் பெயின்ட் அடித்த சோஃபுபி, கண்காட்சியில் மட்டும் விற்பவை, ஆன்லைன் படத்தில் நிறம் சரியாக வராத ஒளிபுகும் வினைல், இந்த நான்குக்கும் நேரில்தான் போக வேண்டும். மற்றதை வீட்டுக்கு வந்து ஆர்டர் போட்டுக்கொள்ளலாம்.

எந்த ஊரில் எங்கே தேடுவது?

டோக்கியோவில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் நகானோ பிராட்வே போதும். ஷின்ஜுகுவிலிருந்து சூவோ ரயிலில் ஐந்து நிமிடம். 1966-இல் கட்டிய பழைய வணிக வளாகம். 1980-இல் இங்கே சின்னப் பழைய காமிக்ஸ் கடையாகத் தொடங்கிய மண்டராகே, இன்று இதே கட்டடத்தில் பல தளங்களில் பல கடைகளாகப் பரவியிருக்கிறது. சோஃபுபிக்கு ஒன்று, பழைய தகர பொம்மைக்கு ஒன்று என்று பிரித்து வைத்திருப்பார்கள். காலை பத்து மணிக்குப் போய் இரும்பு ஷட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். பெரும்பாலான கடைகள் நண்பகல் வாக்கில்தான் திறக்கும்.

அகிஹபாராவில் ரேடியோ கைகான் கட்டடம். அங்கே வாடகை ஷோகேஸ் என்று ஒரு முறை இருக்கிறது. தனி ஆட்கள் கண்ணாடிப் பெட்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து, தங்கள் பொம்மைகளுக்குத் தாங்களே விலை எழுதி வைப்பார்கள். அதனால் ஒரே பொம்மைக்கு நான்கு பெட்டியில் நான்கு விலை இருக்கும். முதல் பெட்டியில் கண்டதும் வாங்காமல் கடையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். ஒசாகாவில் இதற்கு ஈடானது நிப்பொம்பாஷி பகுதி.

ஹாங்காங்கில் மாங்காக் பகுதியின் சைனோ சென்டர், அதிலிருந்து நடக்கும் தூரத்தில் யாவ் மா டேயின் இன்ஸ் பாயின்ட். இரண்டுமே சின்னச் சின்னக் கடைகள் அடுக்கிய கட்டடங்கள், மதியத்துக்கு மேல்தான் சூடு பிடிக்கும். தைபேயில் சிமென்டிங்கின் வான்னியன் கட்டடம். பாங்காக்கில் எம்பிகே வளாகத்தின் பொம்மைக் கடைகளும், சபான் லெக் பகுதியின் மெகா பிளாசாவும். மெகா பிளாசாவில் நல்லதும் போலியும் கலந்தே கிடக்கும், கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஷோகேஸில் பூட்டி வைத்திருப்பதை எடுத்துக் காட்டச் சொல்லலாமா? எதைப் பார்ப்பது?

தாராளமாகக் கேட்கலாம். ஜப்பானில் பொம்மையைச் சுட்டிக்காட்டி "கொரே மிஸேதே குதஸாய்" என்றால், 'இதைக் காட்டுங்கள்' என்று பொருள். சாவியோடு வந்து எடுத்து ஒரு தட்டில் வைப்பார்கள். தட்டுக்கு மேலேயே பிடித்துப் பாருங்கள். பையிலிருந்து பிரிக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். போட்டோ எடுக்கும் முன்பும் அப்படியே. சில கடைகளில் அனுமதி இல்லை.

நான் பார்க்கும் வரிசை இது. முதலில் தட்டில் நிற்க வைப்பேன். சோஃபுபிக்கு வெயிலும் சூடும் பட்டால் கால் தளரும், பொம்மை மெதுவாக முன்பக்கம் சாயத் தொடங்கும். சாய்வது சரிசெய்யக்கூடிய குறைதான், ஆனால் பேரம் பேசும் ஊரில் விலை குறைக்கச் சொல்ல நல்ல காரணம். அப்புறம் கழுத்து மூட்டைச் சற்றுத் திருப்பிப் பார்ப்பேன். மூட்டின் உள் விளிம்பில் கிழிசல் இருந்தால் திரும்ப வைத்துவிடுவேன், ஒட்டினாலும் நிற்காது. உள்ளங்காலைப் பார்ப்பது மூன்றாவது. தயாரிப்பாளர் பெயரும் உரிமைக் குறியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்; தரையில் உரசிய தேய்மானமும் அங்கேதான் தெரியும். கடைசியாக, அக்குளிலும் கால் இடுக்கிலும் விரல் நுனியால் தொட்டுப் பார்ப்பது.

அக்குளில் தொடுவது ஏன் என்றால், பிசுபிசுப்பு முதலில் தெரிவது அங்கேதான். பிவிசியை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற கலப்பு வருடக்கணக்கில் மெல்ல மேற்பரப்புக்கு வரும். காற்றுப் படாத இடுக்கில் அது தேங்கும். லேசாக இருந்தால் வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவிவிடலாம். பெயின்டே ஒட்டுகிறது என்றால் வேறு கதை: வினைலுக்கு ஒத்துவராத பெயின்ட் அடித்திருக்கிறார்கள். யாரோ தனியாக வண்ணம் மாற்றிய ஒற்றைப் பொம்மைகளில் இது அடிக்கடி நடக்கும். அந்தப் பிசுபிசுப்பு போகவே போகாது, தூசியெல்லாம் அதில் வந்து குடியேறும்.

விலைச் சீட்டில் கையால் எழுதிய குறிப்பு இருந்தால் போன் கேமராவில் மொழிபெயர்த்துப் பாருங்கள். 'மிகைஃபூ' என்றால் பிரிக்கவே இல்லை. 'ஹகோ இதாமி' என்றால் பெட்டி அடிபட்டிருக்கிறது. 'நன் அரி' என்றால் ஏதோ குறை உண்டு. என்ன குறை என்று கேளுங்கள், மறைக்காமல் காட்டுவார்கள். 'ஜங்க்' என்று போட்டிருந்தால் உறுப்பு ஏதாவது குறைந்திருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

அசல் பொம்மையையே அச்சாக வைத்து எடுத்த நகல் அசலைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கும், ஏனென்றால் பிவிசி ஆறும்போது சுருங்கும். அசலின் அளவைப் போனில் குறித்து வைத்துக்கொண்டு போனால், ஒரு சின்ன அளவு நாடா பல வாதங்களை முடித்துவிடும். நகலில் உள்ளங்கால் எழுத்துகளும் மழுங்கியிருக்கும். உரிமைக் குறியில் வட்டத்துக்குள் இருக்கும் 'சி' அடைத்துப் போயிருந்தால் சந்தேகப்படுங்கள்.

பேர்பிரிக்கில் அளவு கறாரானது: 100% என்றால் 7 செ.மீ., 400% என்றால் 28, 1000% என்றால் 70. லபுபுவில் எல்லோரும் எண்ணுவது பல்லை, அசலுக்கு ஒன்பது. ஆனால் பல்லை எண்ணத் தெரிந்த போலிக்காரர்களும் வந்துவிட்டார்கள். பெட்டியில் இருக்கும் சரிபார்ப்புக் குறியீட்டைச் சுரண்டி, தயாரிப்பாளரின் தளத்தில் சரிபார்ப்பதுதான் உறுதி. பிரித்த பெட்டியில் வேறு பொம்மையைப் போட்டு விற்கிறவர்களும் உண்டு, எனவே பெட்டி மட்டும் அசல் என்பதோடு நிம்மதி அடைந்துவிட வேண்டாம்.

இன்னொரு குழப்பம் மறுபதிப்பு. 1970-களில் புல்மார்க் நிறுவனம் விற்ற அரக்கர்கள் பிற்காலத்தில் முறையாகவே மறுவார்ப்பு செய்து விற்கப்பட்டிருக்கிறார்கள். அதை 'ஃபுக்கோகு' என்பார்கள். அது போலி அல்ல. ஆனால் அதற்குப் பழைய பொம்மையின் விலையைக் கொடுத்தால் ஏமாந்ததாகத்தான் கணக்கு.

பிளைண்ட் பாக்ஸ் தனியாக வாங்கலாமா, முழு செட்டாகவா?

உள்ளே எது என்று தெரியாத பெட்டி. வழக்கமாக ஒரு சீரிஸில் 12 வகை, அதோடு எப்போதாவது வரும் ஒரு 'சீக்ரெட்'. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 12 வகையும் சம வாய்ப்பு என்று வைத்து, வெவ்வேறு கடைகளில் 12 பெட்டி வாங்கினால் சராசரியாக 8 வகைதான் கையில் இருக்கும், மீதி நான்கும் இரட்டிப்பு. 12-ஐயும் சேர்க்கச் சராசரியாக 37 பெட்டி உடைக்க வேண்டும். முழு செட் பெட்டியிலோ பொதுவாக ஒன்று திரும்ப வராது. ஆக, முழுத் தொகுப்பு வேண்டும் என்றால் செட். ஒன்றே ஒன்றுதான் பிடித்திருக்கிறது என்றால் செகண்ட் ஹேண்ட் கடையில் பிரித்து வைத்த அதையே வாங்கிவிடுங்கள். ஊர் ஊராகத் தனிப் பெட்டி வாங்குவதுதான் மிக மோசமான வழி. ஆனால் மிகவும் ஜாலியான வழியும் அதுதான், அதை மறுக்க மாட்டேன்.

சீக்ரெட் பற்றி: 144-க்கு 1 என்று பெட்டியில் போட்டிருந்தால், 144 பெட்டி வாங்கினால் கண்டிப்பாகக் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. வாய்ப்பு 63% தான்.

பெட்டியைக் குலுக்கி, எடை பார்த்து எடுக்கிறவர்களைக் கடைக்காரர்கள் ரசிப்பதில்லை.

பேரம் பேசலாமா?

ஜப்பானில் வேண்டாம். பாங்காக்கிலும் ஹாங்காங்கிலும் சின்னக் கடைகளில், இரண்டு மூன்று எடுக்கும்போது சிரித்துக்கொண்டே கேட்கலாம். பிராண்டு கடைகளில் எங்கேயும் வேலைக்கு ஆகாது.

கண்காட்சி நாளைப் பார்த்துப் பயணத்தைத் திட்டமிடுவது லாபமா?

சோஃபுபி பிரியர் என்றால், ஆம். டோக்கியோ அருகே மகுஹரி மெஸ்ஸேயில் குளிர்காலத்தில் ஒன்றும் கோடையில் ஒன்றுமாக ஆண்டுக்கு இருமுறை வொண்டர் ஃபெஸ்டிவல் நடக்கும். தனி ஆட்கள் தாங்கள் செய்த உருவங்களை அந்த ஒரு நாளுக்கு மட்டும் உரிமம் வாங்கி விற்கும் ஏற்பாடு அங்கே உண்டு. அன்றோடு சரி, மறுநாள் அது கடையில் கிடைக்காது. பாங்காக்கில் தாய்லாந்து டாய் எக்ஸ்போ, தைபேயில் டாய் ஃபெஸ்டிவல் என்று மற்ற ஊர்களிலும் உண்டு.

இங்கெல்லாம் முந்துபவருக்கு என்பதைவிடக் குலுக்கல் முறைதான் அதிகம். வரிசையில் நிற்கிறவர்களுக்கு எண் கொடுத்து, அதைக் குலுக்கி, எண் விழுந்தவர்கள் மட்டும் வாங்கலாம். சில தயாரிப்பாளர்கள் குலுக்கலை முன்கூட்டியே இணையத்தில் முடித்துவிடுவார்கள், உள்நாட்டு முகவரி கேட்கிறவர்களும் உண்டு. கிளம்பும் முன் அவர்களுடைய சமூக ஊடகப் பக்கத்தைப் படித்துவிடுங்கள். அங்கே போனபின் படித்து வருத்தப்பட்டவன் நான். கூட்டத்தில் தள்ளுமுள்ளு வந்தால் விலகிவிடுங்கள். 2025-இல் லபுபு வரிசையில் நடந்த சண்டைகளால் பிரிட்டனில் அதன் கடை விற்பனையையே பாப் மார்ட் நிறுத்தி வைக்கவேண்டி வந்தது.

வெளிநாட்டுப் பயணிக்கு வரி திரும்பக் கிடைக்குமா?

நாட்டுக்கு நாடு வேறு. ஜப்பானில் நுகர்வு வரி 10%. வரிச்சலுகைப் பலகை வைத்த கடையில், ஒரே நாளில் வரி நீங்கலாக 5,000 யென்னோ அதற்கு மேலோ வாங்கி பாஸ்போர்ட்டைக் காட்டினால், வரியைக் கழித்தே பில் போடுவார்கள். 2026 நவம்பர் 1 முதல் இது மாறுகிறது: முழு விலையும் கொடுத்துவிட்டு, நாட்டை விட்டுக் கிளம்பும்போது சுங்கத்தில் உறுதி செய்தபின் வரி திரும்பும். தாய்லாந்தில் வாட் 7%. ஒரு கடையில் ஒரு நாளில் 2,000 பாட்டுக்கு வாங்கினால், கடையிலேயே படிவம் கேட்டு வாங்க வேண்டும். சிங்கப்பூரில் ஜிஎஸ்டி 9%, வரம்பு 100 சிங்கப்பூர் டாலர். ஹாங்காங்கில் விற்பனை வரியே இல்லை, அதனால் திரும்ப வாங்கவும் ஒன்றுமில்லை.

விமான நிலையத்தில் திரும்ப வாங்கும் முறை உள்ள நாடுகளில் ஒரே ஒரு எச்சரிக்கை. பொருளைக் காட்டச் சொல்லலாம், எனவே சூட்கேஸைச் செக்-இன் செய்யும் முன்பே அந்தக் கவுன்டருக்குப் போய்விடுங்கள். ஷோகேஸ் வாடகைக் கடை, சந்தைக் கடை, கண்காட்சி மேசை போன்றவற்றில் இந்தச் சலுகையை எதிர்பார்க்க வேண்டாம்.

அடிபடாமல் எப்படிக் கொண்டுவருவது?

முதல் பயணத்தில் ஒரு பச்சை அரக்கனை வாங்கினேன். கடையில் அழகாகப் பப்பிள் ராப்பில் சுற்றிக் கொடுத்தார்கள், நானும் அதன் மேல் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி, துணிகளுக்கு அடியில் அழுத்தி வைத்தேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் முதுகு முழுக்க வட்ட வட்டமாகக் குமிழித் தழும்பு, அம்மை போட்டதுபோல. சூட்டிலும் அழுத்தத்திலும் குமிழிகள் பெயின்டில் பதிந்துவிட்டன. கடையைக் குற்றம் சொல்ல முடியாது. கடையிலிருந்து வீடு வரைக்கும்தான் அந்தச் சுற்று, பதினான்கு மணி நேரப் பயணத்துக்கு அல்ல.

அன்றிலிருந்து முதல் சுற்று எப்போதும் மெல்லிய வெள்ளைத் தாள் அல்லது பழைய பருத்தி பனியன். அதற்கு மேல்தான் பப்பிள் ராப், அதுவும் குமிழி வெளிப்பக்கம் பார்த்தபடி. அச்சடித்த செய்தித்தாள் வேண்டாம், மை வினைலில் ஏறினால் இறங்காது. இரண்டு வினைல் பொம்மைகளை நேராக ஒன்றோடொன்று ஒட்டி வைக்காதீர்கள், நிறம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஊறும். பேர்பிரிக் போன்ற கெட்டி பிளாஸ்டிக்கோடும் ஒட்டக் கூடாது. வினைலில் இருந்து கசியும் அந்த எண்ணெய்க் கலப்பு கெட்டி பிளாஸ்டிக்கை அரித்துவிடும்.

இடம் போதவில்லையா? ஹோட்டல் அறையில் ஹேர் டிரையர் இருக்கும். மூட்டைச் சுற்றிச் சிறிது நேரம் சூடு காட்டினால் வினைல் இளகும். மெதுவாகத் திருப்பிக் கை, கால், வாலைக் கழற்றிவிடலாம். எல்லாமே கூடுதான், உடம்புக்குள் சாக்ஸைத் திணித்துவிடலாம். பழைய, விறைத்துப்போன பொம்மையில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம்.

விலை உயர்ந்தது கேபின் பையில் வரட்டும். 400% பெட்டி அடங்கிவிடும். 1000% கரடி 70 செ.மீ., அது கேபினுக்குள் வராது. துப்பாக்கி வடிவத் துணைப்பொருள் இருந்தால் அதை மட்டும் எடுத்துச் செக்-இன் பையில் போடுங்கள், பாதுகாப்புச் சோதனையில் பொம்மை என்று வாதாடி ஜெயித்தவர் குறைவு. விளக்கு எரியும் பொம்மையில் கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரி இருந்தால், அதைத் தனியாகக் கேபினில் வைத்துக்கொள்ளுங்கள்.

அசல் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

பிளைண்ட் பாக்ஸ் என்றால் தட்டையாக மடித்து எடுத்து வாருங்கள், எடையே இல்லை. பையில் வரும் சோஃபுபிக்கு மேலே பின் அடித்த அட்டை ஒன்று இருக்கும். அதைப் புத்தகத்துக்கு நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். அட்டை இல்லாத பொம்மையைப் பின்னால் விற்கும்போது முதல் கேள்வியே அதைப் பற்றித்தான் வரும்.

திரும்பி வரும்போது கஸ்டம்ஸில் பிரச்சினை வருமா?

அவரவர் நாட்டின் வரிவிலக்கு வரம்பைக் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். அதைத் தாண்டினால் நீங்களே சொல்லி வரி கட்டுவது பிடிபட்டுக் கட்டுவதைவிட மலிவு. பில்லைப் பத்திரமாக வையுங்கள்; பொம்மைதானே என்று நினைக்கும் அதிகாரிக்கும், இணையத்தில் அதன் உச்ச விலையைத் தேடிப் பார்க்கும் அதிகாரிக்கும் பில் ஒன்றுதான் பதில். ஒரே பொம்மை பத்து இருந்தால் வியாபாரத்துக்கு என்று நினைப்பார்கள். போலிப் பொருள் என்றால் பறிமுதலும் செய்யலாம். தபாலில் அனுப்பினால் பயணிக்கான வரிவிலக்கு பொதுவாகக் கிடைக்காது, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். விலையைக் குறைத்து எழுதச் சொல்லிக் கேட்காதீர்கள்; வழியில் தொலைந்தால் இழப்பீடும் அந்தக் குறைந்த விலைக்குத்தான்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் கால் வளைந்திருக்கிறது. போச்சா?

போகவில்லை. வினைல் என்றால் சரிசெய்துவிடலாம். பெயின்ட் நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று மறைவான இடத்தில் பார்த்துக்கொண்டு, கொதிக்காத, ஆனால் கை பொறுக்காத சூட்டில் உள்ள நீரில் அந்தக் காலை மட்டும் ஒரு நிமிடம் அமிழ்த்துங்கள். இளகியதும் நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் பிடித்திருங்கள். பாதி ஆறியதும் விட்டால் மறுபடி சாயும். உள்ளே தண்ணீர் போயிருக்கும். மூட்டைக் கழற்றி, தலைகீழாக ஒரு துண்டின் மேல் இரவு முழுக்க வைத்துவிடுங்கள்.